பிஸ்கட் டப்பாக் கைமுதல்

சீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது என் கணவன் நீலோ சரியான கல்லுளிமங்கன். கையில் இரண்டு ஏஸ் இருந்தாலும் ஒன்றுதான், இரண்டு குப்பை இருந்தாலும் ஒன்றுதான், மூக்கு நுனிகூட அசையாது. பாசாய் நகரத்தில் எங்கள் சந்துக்குப் பக்கத்து மாலில், மூன்றாவது மாடியில் இருக்கிற போக்கர் கிளப்பில் அவனைச் 'சுவர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தச் சுவர் கீழே இறங்கி டென்சியோ வாடகைக்கு ஓட்டுகிற மோட்டார் டிரைசைக்கிளில் ஏறியதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஜெயித்த நாளில் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். பாட்டு வேறு வரும். டென்சியோ கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான். சந்து முனைக்கு வந்ததும் ஹாரனை மூன்று தடவை அடிப்பான். நான் ஜன்னலோரம் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருப்பேன். அந்த ஹாரனைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

பின்னாலேயே பலாத்தோ வந்துவிடும் என்பதுதான் காரணம். ஜெயித்தவன் தன் ஜெயிப்பில் ஒரு பங்கை எடுத்துச் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் பலாத்தோ. அது கடனும் இல்லை, பிச்சையும் இல்லை, கேட்பதில் வெட்கமும் இல்லை. கொடுக்காமல் வீட்டுக்குள் நுழைந்தவனை அதிர்ஷ்டம் அன்றோடு கைகழுவிவிடும் என்று எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டென்சியோவுக்கு ஒரு பங்கு. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கிற சாரிங் அக்காவுக்கு ஒரு பங்கு. சாரிங் அக்காவிடம் வாழைப்பழம் வாங்க வந்து நின்றவருக்கும் ஒரு பங்கு. ஒரு தடவை தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆள்கூட வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, "வாழ்த்துகள் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீலோவை யாராவது சார் என்று கூப்பிட்டது அன்றுதான்.

இதை நான் சூதாட்டம் என்று சொன்னால் நீலோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனைப் பொறுத்தவரை இது வேலை. வேலைக்குக் கைமுதல் வேண்டும். ஒரு மேசையில் உட்கார எவ்வளவு பணம் கட்ட வேண்டுமோ, அதைப்போல் இருபது மடங்கு கையில் சேர்ந்த பிறகுதான் அங்கே உட்கார வேண்டும் என்பது அவன் சட்டம். அவனுக்கு நடு மேசைக்குப் போக வேண்டும். நடு மேசைக்கு இரண்டு லட்சம் பெசோ கைமுதல் வேண்டும். அதைச் சின்ன மேசையில் எறும்பு மாதிரி சேர்த்துக்கொண்டிருந்தான். பகலில் கிளப். மற்ற நேரமெல்லாம் போனில், சில்லறைக் காசுக்கு, ஒரே சமயத்தில் நான்கு மேசை. போன் ஆட்டத்தைக் குளியலறையில் உட்கார்ந்துகொண்டுதான் ஆடுவான், பக்கத்து வீட்டு வைஃபை அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது. அவன் உள்ளே போனால் சந்திலேயே நான் ஒருத்திதான் பல் துலக்காமல் பகல் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

சேர்ந்த பணத்தை என்னுடைய நீலநிற பிஸ்கட் டப்பாவில் வைத்தான். பிஸ்கட் தீர்ந்து பத்து வருஷமாக அது என் ஊசி, நூல், பட்டன் டப்பா. அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். அந்தப் பைக்குள் கை விட்டு நான் எத்தனை தடவை குத்துப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"கேஸ் தீந்துபோச்சு, டப்பாலேர்ந்து கொஞ்சம் எடு" என்றேன் ஒரு நாள்.

"அது கைமுதல், மரிவிக். தச்சன் ரம்பத்த வித்தா கேஸ் வாங்குவான்?"

"தச்சன் அந்த ரம்பத்த வெச்சு ஒரு முக்காலியாவது செஞ்சிருப்பான். நீ என்ன செஞ்ச, எனக்கு உக்கார எடமாவது உண்டா?"

கேஸுக்கு ஒரு பைசா எடுக்கவில்லை. அப்படிக் காக்கிற டப்பாவிலிருந்து சந்துக்கு மட்டும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு எப்படியிருக்கும்? அவனும் சாரிங் அக்காவிடம் நியாயம் பேசித்தான் பார்த்தான்.

"அக்கா, இது ஜெயிப்பே இல்ல. இன்னிக்கு வர்றது நாளைக்குப் போறதுக்குத்தான். வருஷக் கடைசியில மொத்தமாப் பாத்தாதான் நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு எனக்கே தெரியும்."

"சரிடா தம்பி. வருஷக் கடைசி பலாத்தோவ வருஷக் கடைசியில வாங்கிக்கிறேன். இப்ப இன்னிக்கு உள்ளதக் குடு."

"நான் தோத்தா நீங்க எனக்குத் தருவீங்களா?"

சாரிங் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "தர மாட்டேனா? நீ என்னிக்காவது தோத்துட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லிருக்கியா? தோத்த அன்னிக்கு மீன் சந்தை வழியா சுத்திக்கிட்டு, திருடன் மாதிரி பின்பக்கமா வீட்டுக்குள்ள போற. எனக்கு எப்படிடா தெரியும்?"

அது உண்மைதான். நீலோ கொடுத்துவிட்டு வந்தான்.

நடுவில் என் அண்ணன் ரொமுலோ வேறு. பாக்கோரில் ஐஸ் கோழி மொத்த வியாபாரம் செய்கிறான். வருஷா வருஷம் நீலோவை அந்தக் கடையில் சேர்த்துக்கொள்ளத் துடிக்கிறான், ஏனென்றால் ஐஸ் அறைக்குள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. நீலோவும் ஒரு தடவை போய் ஒரே ஒரு நாள் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், கோழி என்று சொன்னாலே தும்மினான்.

போன வருஷத் திருவிழாவில் சாப்பாட்டு மேசையிலேயே பேச்சை முடித்துவிட்டோம். எங்கள் சந்துக் கோயில் திருவிழா மே மாதம். "அடுத்த திருவிழாவுக்குள்ள டப்பால ரெண்டு லட்சம் சேரணும். சேந்தா உன் வேலைய நான் வேலைன்னு ஒத்துக்கறேன், வாயே தொறக்க மாட்டேன். சேரலேன்னா மறுநாளே ஐஸ் அறை" என்றேன். ரொமுலோ உடனே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். நீலோ ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சரி என்றான்.

ஜனவரி வந்தது. டப்பாவில் அறுபதாயிரம் இருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரிலும் அறுபதாயிரம்தான் இருந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அவன் நன்றாக ஆடுகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த டிரைசைக்கிள் ஹாரனே சாட்சி. சேர்ந்ததெல்லாம் சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கிளப்புல சுவர் மாதிரி இருக்கியே, அந்த மூஞ்சி சந்துல ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"அங்க எல்லாரும் எதிராளி, மரிவிக். இங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. நம்ம ஆளுங்களப் பாத்தா மூஞ்சி தானா திறந்துக்குது."

அதைக் கேட்டு எனக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது. அதனாலேயே கண்ணாடி முன்னால் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினேன். தோற்றவன் முகத்தை வரவழைக்கச் சொன்னேன். அவன் வரவழைத்தது பல்வலிக்காரன் முகம். செத்த வீட்டை நினைத்துக்கொள் என்றேன். எங்கள் பக்கத்துச் செத்த வீட்டில் சீட்டும் சாப்பாடுமாகக் களைகட்டும், அதனால் இன்னும் சிரிப்புத்தான் வந்தது. கடைசியில், "என் அண்ணன் கடை ஐஸ் அறைய நெனச்சுக்கோ" என்றேன். அவ்வளவுதான். கன்னம் தொங்கியது, கண் உள்ளே போனது, உதடு நீலமாகவே ஆகிவிட்டது என்று சொன்னாலும் தப்பில்லை. எனக்கே ஒரு கோப்பை சூடான காபி கொடுக்கத் தோன்றியது.

அன்றிலிருந்து டிரைசைக்கிளில் கால் வைக்கும்போதே நீலோ கோழியை நினைத்துக்கொண்டான்.

முதல் நாள் டென்சியோ கண்ணாடியைப் பார்த்தான், ஹாரன் மேல் வைத்த கையை எடுத்துவிட்டான். இரண்டாம் நாளும் அப்படித்தான். ஒரு வாரத்தில் சந்து அமைதியாகிவிட்டது. பிப்ரவரியில் டப்பா மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. மார்ச்சில் மூடிமேல் இஸ்திரிப்பெட்டியை வைக்க வேண்டியிருந்தது. நீலோ குளியலறையில் நான்கு மேசை ஆடிக்கொண்டே மெல்லிய குரலில் பாடினான், நான் வெளியே மெஷினை வேகமாக மிதித்து அந்தச் சத்தத்தை மூடினேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. எங்கள் சந்து எப்படிப்பட்டது என்பதை மட்டும் இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

முதலில் டென்சியோ வண்டிக் காசு வாங்க மறுத்தான். "இருக்கட்டும் அண்ணே, நல்ல காலம் வந்ததும் குடுங்க." அப்புறம் சாரிங் அக்கா தினமும் சாயங்காலம் நான்கு குச்சி வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். விற்காமல் மிஞ்சியது என்றாள், ஆனால் சூடாக இருந்தது. எதிர் வீட்டிலிருந்து இஞ்சிக் கஞ்சி வந்தது. பின் வீட்டிலிருந்து கருவாடு வந்தது. கோயில் பெண்கள் புதன்கிழமை நவநாளில் நீலோவின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்கள். நோயாளிகளுக்கு அடுத்து, கடலில் போனவர்களுக்கு முன்னால். நான்கு மாதத்தில் எனக்குப் பாவாடை இடுப்பில் கொள்ளவில்லை. என் பாவாடையை நானே பிரித்துத் தைத்துக்கொண்டேன்.

"இது நல்லாயில்ல, மரிவிக்" என்று நீலோ ஒரு நாள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாரிங் அக்கா எனக்குப் பெரிய துண்டா பொறுக்கி வெக்கிறாங்க."

"இன்னும் மூணு வாரம். அப்புறம் சேத்து வெச்சுத் திருப்பிக் குடுக்கலாம். இல்ல, கோழிக் கடைக்குப் போறியா?"

அவன் ஒரு தும்மல் போட்டான். பேச்சு அதோடு நின்றது.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் இரண்டு லட்சத்துக்கு நான்காயிரம்தான் குறைந்தது. அவ்வளவுதான் பாக்கி, நான்காயிரம். அன்று காலையில் சாரிங் அக்கா என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குத் தனியாக இழுத்துக்கொண்டுபோனாள்.

"நாங்கல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். உன் புருஷனுக்குக் காசா குடுத்தா வாங்க மாட்டான், ரோஷக்காரன். அதனால மத்தியானம் பாஸ்கெட்பால் மைதானத்துல போக்கர் போடறோம். எல்லாரும் அவன்கிட்ட தோத்துடுவோம். பாவம், ஒரு தடவையாவது ஜெயிச்ச மாதிரி இருக்கட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது, புனிதர்மேல சத்தியம் பண்ணு."

நான் என்ன செய்வேன்? குழாயடியில் நின்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

நீலோவை மைதானத்துக்குக் கூப்பிட்டபோது அவன் ஏதோ மோப்பம் பிடித்துவிட்டான். "இவங்க காசு எனக்கு வேணாம். ஐநூறு எடுத்துட்டுப் போறேன். மரியாதையா அவ்வளவையும் தோத்துட்டு வந்துடறேன்" என்று காதில் சொன்னான். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மைதானத்தில் தார்ப்பாய் கட்டி, கீழே மேசை போட்டிருந்தார்கள். சந்துக் காவலர் மெல்கோர் அண்ணன் தொப்பியோடு வந்து நின்றார். "துக்க வீடா இருந்தா சீட்டு போட்டா கண்டுக்க மாட்டேன். சும்மா போட்டா மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். யாரு செத்தது?"

"இவன் அதிர்ஷ்டம் செத்துப்போச்சு" என்றாள் சாரிங் அக்கா. "நாலு மாசமாச்சு. இன்னும் எடுக்கல."

மெல்கோர் அண்ணன் யோசித்தார். சட்டத்தில் அதற்கு இடமுண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்ப்பதற்கு மட்டும் துக்க வீடு மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உடனே யாரோ எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து நீலோவின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, இரண்டு மெழுகுவர்த்திக்கு நடுவில் வைத்து, பூவும் போட்டுவிட்டார்கள்.

"இது நான்தானே?" என்றான் நீலோ.

"உன் அதிர்ஷ்டம்டா. உக்காரு" என்றாள் சாரிங் அக்கா.

நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: சாரிங் அக்கா, டென்சியோ, மெல்கோர் அண்ணன், நீலோ. ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்குக் கொஞ்சம் பணம் நடுவில் வைத்தார்கள். சீட்டு பிடிக்காதவன் தன் முறை வரும்போது கவிழ்த்துப் போட்டு விலகிக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் கடைசியாகக் கையில் சீட்டு வைத்திருப்பவனுக்கு நடுவில் இருக்கிற பணம் முழுவதும். இது போக்கர் தெரியாதவர்களுக்கும் தெரிந்த சட்டம். யாருக்காக ஆட்டம் நடக்கிறதோ அவன் முறை எப்போதும் கடைசி என்று ஒரு புதுச் சட்டத்தை சாரிங் அக்கா சேர்த்தாள். நீலோ முகம் சுளித்தான், ஆனால் ஒத்துக்கொண்டான். மேசைச் சட்டம் என்று யார் என்ன சொன்னாலும் அவனுக்கு அது வேதம்.

முதல் ஆட்டத்தில் சாரிங் அக்கா சீட்டைப் பார்க்காமலே போட்டாள். டென்சியோ சீட்டு தன் பக்கம் வந்து சேர்வதற்குள்ளேயே தட்டிவிட்டான். மெல்கோர் அண்ணன் மட்டும் எடுத்துப் பார்த்தார், "சே, குப்பை" என்று வீசினார். இரண்டும் மல்லாந்து விழுந்தன, இரண்டும் ராஜா. நீலோ தன் முறைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் முறை தப்பி ஒரு தடவைகூடச் சீட்டைத் தொட்டதில்லை. முறை வந்ததும் கவிழ்ப்பதற்குக் கையைத் தூக்கினான். அதற்குள் பணம் அவன் முன்னால் வந்து குவிந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டான்!" என்று சந்து முழுக்கக் கைதட்டியது.

அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நீலோவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, கொஞ்சம் இருங்க. எனக்கு வந்தது ரெண்டும் ஏழும். இதவிட மோசமான சீட்டு உலகத்துலயே கெடயாது. தயவுசெஞ்சு நீங்க ஜெயிங்க."

"எனக்கும் அதேதான்டா வந்துச்சு."

"நீங்க சீட்டத் தொடவே இல்லியே!"

"தொட்டுப் பாத்தாத்தான் தெரியணுமா? என் ராசி எனக்குத் தெரியாதா?"

இந்த நேரம் பார்த்து என் அண்ணன் ரொமுலோ வந்து சேர்ந்தான். திருவிழாவுக்காக ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், மெழுகுவர்த்தியைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், நடுவில் நீலோவின் படத்தைப் பார்த்தான். பெட்டி கையிலிருந்து நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது.

"மாப்ளே!" என்று அலறினான். "போயிட்டியா மாப்ளே! ஐஸ் அறைக்கு உனக்குன்னு புதுக் கம்பளிக் கோட்டு வாங்கி வெச்சேனே! உன் அளவு வேற யாருக்கும் சேராதே!"

"மச்சான், நான் இங்கதான் இருக்கேன்" என்றான் செத்தவன் மேசையிலிருந்து.

ரொமுலோ திரும்பிப் பார்த்து இன்னும் பெரிதாக அலறினான். அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கால் விரலுக்கு அவனுடைய கோழியையே எடுத்து ஒத்தடம் கொடுத்தோம்.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. டென்சியோவின் காசு தீர்ந்தது. மெல்கோர் அண்ணன் தொப்பிக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தோற்றார். சாரிங் அக்கா மட்டும் இடுப்புத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். சர்க்கரைப் பாகு ஒட்டிய நோட்டுகள், ஒன்றோடொன்று பிரிய மாட்டேன் என்றன. நான் அவள் காதருகில் குனிந்தேன்.

"அக்கா, இவ்வளவு ஏது?"

"ஃபேன அடகு வெச்சேன். சத்தம் போடாத" என்றாள். "ஜூன்ல மழை வந்துடும், ஃபேன் எதுக்கு?"

மே மாத வெயில். நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவள். நீலோவுக்கும் கேட்டுவிட்டது, மேசையில் எதிராளி மூச்சு விடுவதுகூட அவன் காதில் விழும். அவன் முன்னால் குவிந்திருந்த பணத்தை ஒரு தடவை பார்த்தான். எண்ணவே வேண்டாம், பார்த்தாலே அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. நான்காயிரத்துக்கு மேலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனால் போதும். டப்பா நிறையும், ஐஸ் அறை கிடையாது, நடு மேசை அவனுடையது.

அவன் என்னைப் பார்த்தான். கிளப்பில் சொல்வார்களே, சுவர், அதை அன்றுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் துளியும் தெரியவில்லை. பணத்தைச் சட்டையில் வாரிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தான். 'நல்லவேளை' என்று நினைத்தேன். நினைத்த மறுகணமே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். எல்லோருக்கும் முன்னால் மேசைமேல் வைத்து, சட்டையில் இருந்ததையும் அதில் கொட்டினான்.

"மரிவிக், ஒரே ஒரு தடவ எண்ணிச் சொல்லிடு. அதப் பாத்துட்டு அப்புறம் பேசறேன்."

எண்ணினேன். "ரெண்டு லட்சத்து முந்நூறு" என்றேன்.

நீலோ ஒரு நிமிஷம் அந்தப் பணத்தை ஆசைதீரப் பார்த்தான். பிறகு சாரிங் அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் தோக்கல. ஜனவரிலேர்ந்து ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மூஞ்சிய மட்டும் அப்படி வெச்சுக்கிட்டேன். இது உங்க ஃபேன் காசு, எடுத்துக்கங்க."

மெல்கோர் அண்ணன் மெழுகுவர்த்தி இரண்டையும் ஊதி அணைத்தார். டென்சியோ, "அப்ப நான் வாங்காம விட்ட வண்டிக் காசு?" என்று முணுமுணுத்தான். கோயில் பெண்களில் ஒருத்தி, "நோயாளிங்களுக்கு அடுத்து ஜெபிச்சோமே" என்றாள். சாரிங் அக்கா மட்டும் எழுந்து நீலோவின் முன்னால் வந்து நின்றாள். அறையப்போகிறாள் என்று நினைத்து நான் நடுவில் போக ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"ஜனவரிலேர்ந்தா?" என்றாள்.

"ஆமாக்கா."

"தெனமுமா?"

"தெனமும் இல்ல. வாரத்துக்கு மூணு நாலு தடவ."

அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப எனக்கு எத்தன பலாத்தோ பாக்கி!"

அந்த வார்த்தை விழுந்ததுதான் தாமதம், மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் வரிசை நின்றுவிட்டது. யாருக்கும் கோபமில்லை. ஏமாற்றினான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான்கு மாதப் பலாத்தோ மொத்தமாக வருகிற சந்தோஷத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தாங்கள் தோற்ற காசை முதலில் வாங்கினார்கள், அதற்கப்புறம் பாக்கியை வாங்கினார்கள். கஞ்சி கொடுத்தவர்கள், கருவாடு கொடுத்தவர்கள், நவநாள் ஜெபித்தவர்கள், எல்லோருக்கும் உண்டு. தண்ணீர் மீட்டர் பார்க்கிறவரும் வரிசையில் நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீலோ வாயெல்லாம் பல்லாகக் கொடுத்துக்கொண்டே இருந்தான். நான்கு மாதமாக அடக்கி வைத்த சிரிப்பு மொத்தமும் அன்றைக்கு வெளியே வந்தது.

வரிசை முடிந்தபோது டப்பாவில் ஐயாயிரம் இருந்தது. சின்ன மேசையிலேயே சின்ன மேசைக்குத்தான் அது காணும்.

ரொமுலோ வீங்கிய காலோடு நொண்டிக்கொண்டு வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். "அப்ப திருவிழா முடிஞ்ச மறுநாள்லேர்ந்து வர்றல்ல மாப்ளே? கோட்டு கார்லதான் இருக்கு."

நீலோ என்னைப் பார்த்தான். பேசியது நான், தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் நான். இரண்டு மாதமாக இஸ்திரிப்பெட்டி வைத்துக் காத்த டப்பா. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, அவன் நிற்கிற கோலத்தைப் பார்த்து முத்தம் கொடுக்கவும் தோன்றியது.

"அவன் எங்கயும் வரல" என்றேன். "திருவிழாவுக்குள்ள டப்பால ரெண்டு லட்சம் சேரணும்னுதான் பேச்சு. சேந்துச்சு. நான்தான் எண்ணினேன், இத்தன பேரு சாட்சி."

"சேந்தது நிக்கலியே!"

"நிக்கணும்னு யார் சொன்னா? அப்பவே அதக் கேட்டு வாங்கியிருக்கணும்."

ரொமுலோ கொண்டுவந்த கோழிகள் அதற்குள் உருக ஆரம்பித்துவிட்டதால் அன்றைக்கே சமைத்தாக வேண்டியிருந்தது. வெட்டிக் கொடுத்தது நீலோதான். தும்மிக்கொண்டே வெட்டினான்.

திருவிழா முடிந்த மறுநாள், டப்பாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஆகச் சின்ன மேசைக்குப் போனான். அந்த மேசையில் அன்று ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தாராம். எதைக் கையில் வாங்கினாலும் கடைசிச் சீட்டில் ஜெயித்தாராம். சாயங்காலத்துக்குள் நீலோவின் பையில் வண்டிக் காசும் சில்லறையும்தான் மிச்சம். உண்மையாகவே தோற்றுவிட்டான்.

டிரைசைக்கிளில் ஏறி உட்கார்ந்தவன் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை, கோழியைக்கூட. கன்னம் தானாகத் தொங்கியது, கண் தானாக உள்ளே போனது. இந்தத் தடவை பின்பக்கமாகப் போக வேண்டாம், சாரிங் அக்காவிடம் நேராகப் போய்த் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தான். டென்சியோ கண்ணாடியில் பார்த்தான்.

சந்து முனையில் ஹாரன் மூன்று தடவை அடித்தது. அப்புறம் இன்னும் மூன்று தடவை.

"அண்ணன் மூஞ்சியப் பாருங்க!" என்று டென்சியோ கத்திக்கொண்டே வந்தான். "இந்த அளவுக்குத் தொங்கி நான் பாத்ததே இல்ல! பெரிய தொகை!"

சந்தே வெளியே வந்துவிட்டது. சாரிங் அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு, புது ஃபேன் காற்றில் தலைமுடி பறக்க, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சத்தியமா தோத்துட்டேன். இன்னிக்கு நெசமாவே தோத்துட்டேன்."

"ஆகா, என்னமா நடிக்கிறான்! கண்ணுல தண்ணிகூட வருது பாருங்க!" சாரிங் அக்கா கையை நீட்டினாள். பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.

நீலோ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னலில் என்னைப் பிடித்தான். "மரிவிக், நீயாவது சொல்லேன் இவங்ககிட்ட."

நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நிறுத்தி அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் கேஸ் வேறு தீர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக நானும் கையை நீட்டினேன்.